பன்னிரண்டு ஓட்டை

ஆலங்கட்டி மழை எண்டா என்னெண்டு எங்கட ஒழுங்கையில ஒருத்தருக்கும் தெரியாது. தகரக் கூரையில சடசடவெண்டு கேட்டதும் முழு ஒழுங்கையும் கட்டிலுக்குக் கீழ போயிட்டு. சண்டை முடிஞ்சு ஒண்டரை வருசம் ஆச்சுத்தான். அது காதுக்குத் தெரியவேணுமே. நான் படிப்பிச்சு ஓய்வெடுத்த மனிசன், மத்த ஆக்களுக்குத் தைரியம் சொல்லவேண்டிய ஆள். முதல்ல கட்டிலுக்குக் கீழ போனதும் நான்தான்.

வெளிய வந்து பாத்தா முத்தமெல்லாம் ஐஸ். பிள்ளைகள் பொறுக்கித் திண்டுதுகள். திரும்பி வீட்டுக்குள்ள வந்தா வானம் தெரியுது. சுனாமிக்குப் பிறகு தந்த தகரம், அஞ்சு வருசமா வாவிக் காத்துப் பட்டுத் துருவேறிக் கறள் பிடிச்சுக் கிடந்தது. தாங்குமா?

மாரிக்கு இன்னும் ஒரு மாசம்தான் கிடக்கு. கூரையை மாத்தத் தகரம், மரம், கூலியெல்லாமாத் தச்சுவேலை செய்யிற ஓடாவியார் கேட்ட விலை என்ட மூண்டு மாசப் பென்சன். கேட்டிட்டுத் திரும்பவும் கட்டிலுக்குக் கீழ போவமா எண்டு இருந்திச்சு.

நல்லகாலம், ஒரு நிறுவனம் வந்திச்சு. ஆலங்கட்டி விழுந்த ஓட்டை பத்துக்குக் குறையாம இருந்தா முழுக் கூரைக்கும் புதுத் தகரம். குறைஞ்சா ஒண்டும் இல்லை. தென்னோலைக் கிடுகு வேய்ஞ்ச வீடு கணக்கிலயே இல்லை.

எங்கட ஒழுங்கையில கிடுகு வீடு ஒண்டுதான், சின்னத்தங்கத்தின்ட வீடு. புருசன் சுனாமியில போயிட்டார். காணிக்கு உறுதிப் பத்திரம் இல்லையெண்டு சுனாமி வீடும் கிடைக்கேல்ல. மழை பெய்தா ரெண்டு பெண்பிள்ளைகளையும் மூலைக்கு மூலை இழுத்துப் படுக்கப் போடுவா. பாவம்தான், ஆனா சட்டம் சட்டம்தானே எண்டு நானும் சொன்னன்.

எல்லாருக்கும் போம் நிரப்பிக் குடுத்தது நான்தான். என்ட வீட்டுக்குப் பன்னிரண்டு ஓட்டை எண்டு எழுதினன். அதில மூண்டு பழசு, முந்தி ஷெல் துண்டு பட்டது. ஓட்டை ஓட்டைதானே. இந்த நேரத்தில அதைப்போய் தரம் பிரிச்சுக்கொண்டு இருக்கேலுமா?

பக்கத்து வீட்டு இளையதம்பி வாவியில தோணி விடுறவன். பத்து இறால் கேட்டா ஒம்பதை எண்ணித் தந்திட்டு, மத்ததை வாவியில தேடச் சொல்லுவான். அவன்ட கூரையில நாலே நாலு ஓட்டைதான். நான் எண்ணி வச்சிருந்தன்.

போம் நிரப்பின ரெண்டாம் நாள் அவன்ட வீட்டுக்குள்ள டொங்கு டொங்கெண்டு சத்தம். வேலிக்குள்ளால எட்டிப் பாத்தன். ஆள் கட்டில்ல ஏறி நிண்டு, தோணி தள்ளுற கம்பால சொந்தக் கூரையைக் குத்துறான்.

எனக்கு வந்த கோபம் சொல்லேலாது. சனத்துக்கு வாற உதவியை இப்பிடியா களவெடுக்கிறது? அண்டைக்கே நிறுவனத்துக்குப் பெட்டிசம் ஒண்டு எழுதிப் போட்டன். பேர் போடேல்ல. பெட்டிசத்துக்குப் பேர் போடுற வழக்கம் எங்கட ஊரில இல்லை.

நிறுவனத்தில இருந்து கணக்கெடுக்க வந்தது நிருஷா எண்டு ஒரு பிள்ளை, கிரான் ஊர். ஏணி வச்சுத் தானே ஏறிப் பாக்கிற பிள்ளை. என்ட கூரையைப் பாத்திட்டு இளையதம்பியின்ட கூரையில ஏறிச்சுது. ஒரு ஓட்டையில விரலை வச்சுச் சுத்தித் தடவிப் பாத்துது.

"அண்ணன், விளிம்பெல்லாம் மேல பாத்து வளைஞ்சிருக்கு. உங்கட வீட்டுக்குள்ள இருந்தா மழை பெய்தது?"

நிண்ட சனமெல்லாம் சிரிச்சிட்டு. இளையதம்பி தலையைச் சொறிஞ்சான். பிள்ளை இறங்கினதும் வேலியோரம் கூட்டிப் போய் என்னமோ சொன்னான். காசு குடுக்கப் பாக்கிறான் எண்டுதான் நினைச்சன். அந்தப் பிள்ளை எதையோ எழுதிக்கொண்டு போயிட்டு.

ரெண்டு கிழமையில லொறி வந்திச்சு. என்ட வாசல்ல புதுத் தகரம் இறங்கிச்சு. மறுகா இளையதம்பியின்ட வாசல்லயும் இறங்கிச்சு. எனக்குப் பத்திக்கொண்டு வந்திச்சு. என்ட தகரத்தைத் தடவிப் பாக்கக்கூட மனம் வரேல்ல, ரெண்டாவது பெட்டிசத்துக்குக் கடுதாசி எடுத்தன்.

அடுத்த நாள் விடியச் சுத்தியல் சத்தம். அது இளையதம்பி வீட்டுப் பக்கம் இருந்து வரேல்ல. போய்ப் பாத்தா சின்னத்தங்கத்தின்ட கூரைக்கு மேல அவன் இருக்கிறான், வாய் நிறைய ஆணி. பழைய கிடுகெல்லாம் கீழ குவிஞ்சு கிடக்கு. சின்னத்தங்கம் புதுத் தகரத்தை ஒவ்வொண்டாத் தூக்கிக் குடுக்கிறா, கண்ணைத் துடைக்கக் கை இல்லாம அழுறா. அவன்ட வீட்டைத் திரும்பிப் பாத்தன். குத்தின ஓட்டைக்கெல்லாம் தார் பூசிக் கிடந்தது.

"என்னடா இது?" எண்டன்.

ஆணியைக் கையில எடுத்துப்போட்டுச் சொன்னான். "கிடுகு லிஸ்டில இல்லையாம் மாஸ்டர். என்ட தகரம் லிஸ்டில இருக்குத்தானே."

கீழ கிடந்த கிடுகொண்டை எடுத்து ஓரமா வச்சன். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? கூரை வேலையைப் பாக்க வந்து நிண்ட நிருஷாவுக்குக் கிட்டப் போய், பெட்டிசம் வந்தும் எப்பிடிப் பிள்ளை குடுத்தீங்க எண்டு மெதுவாக் கேட்டன்.

அந்தப் பிள்ளை பையைத் திறந்து என்ட பெட்டிசத்தை எடுத்து என்ட கையிலயே தந்திச்சு.

"இந்த ஒழுங்கையில எல்லாப் போமிலயும் இதே எழுத்துத்தான் மாஸ்டர்."

நான் அதை நாலா மடிச்சுச் சேட்டுப் பொக்கட்டுக்குள்ள வச்சன்.

"இளையதம்பி அண்ணன் தான் குத்தினதையும் சொன்னார், ஏன் குத்தினார் எண்டும் சொன்னார். நீங்க ஒண்டும் சொல்லேல்ல. புதுசாக் கிழிஞ்ச தகரம் விளிம்பில பளபளக்கும் மாஸ்டர். உங்கட பன்னிரண்டில மூண்டிலயும் விளிம்பெல்லாம் கறள். ஒம்பது ஓட்டைக்குத் தகரம் குடுக்கேலாதே, அதையும் ஆலங்கட்டி எண்டுதான் எழுதினன்."