அத்தைக்குத் தெரியாமல்

"கல்யாணமாகி ஆறு வருஷம், வயித்துல ஒரு புழு பூச்சி இல்ல. இப்ப என்னடான்னா ஈரல்ல கட்டிங்கிறீங்க," என்றாள் மாமியார்.

டாக்டரம்மா ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "பயப்படாதீங்க. மூணு சென்டிமீட்டர்தான். புற்றுநோய்க் கட்டி மாதிரி தெரியல."

மருமகள் கிரேன் ஓட்டுகிறவள். நாற்பது மீட்டர் உயரத்துக்கு அநாயாசமாக ஏணி ஏறுகிறவள், இந்த நாற்காலியில் நுனியில்தான் உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் வந்துச்சு டாக்டர்?"

"இந்த மாதிரிக் கட்டி பெரும்பாலும் மாத்திரையால வரும். குழந்தையைத் தள்ளிப்போட மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?"

மருமகள் தரையைப் பார்த்தாள். "இல்ல..."

டாக்டரம்மாவுக்குப் புரிந்துவிட்டது. "அம்மா, நீங்க கொஞ்சம் வெளிய இருக்கீங்களா?"

"எதுக்கு? எனக்குத் தெரியாம இவகிட்ட என்ன இருக்கு?" மாமியார் நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"சரி. மாத்திரைதான் காரணம்னா, நிறுத்தினாலே சுருங்க ஆரம்பிச்சிடும். ஆறு மாசம் கழிச்சு ஒரு ஸ்கேன் பார்த்தா போதும். காரணம் தெரியலைன்னா ஊசியால சதை எடுத்துப் பார்க்கணும். வளர்ந்துட்டே போனா அறுவை சிகிச்சை."

கடைசி வார்த்தையைக் கேட்டதும் மருமகள் மாமியார் பக்கம் திரும்பினாள்.

"அத்தை, கோவிச்சுக்காதீங்க. ஆறு வருஷமா சாப்பிடுறேன். வயித்துல பிள்ளையோட கிரேன் ஏற விடமாட்டாங்க. தவமா தவமிருந்து கிடைச்ச வேலை அத்தை. உங்க பிள்ளைக்கு மட்டும்தான் தெரியும்."

டாக்டரம்மா சிரித்தார். "அப்ப இப்போதைக்குக் கத்தி வேண்டாம். இன்னையோட மாத்திரையை நிறுத்துங்க. தள்ளிப்போட வேற வழி இருக்கு, அடுத்த தடவை வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க."

வராந்தாவுக்கு வந்ததும் மருமகள், "திட்டுறதா இருந்தா இங்கேயே திட்டிடுங்க அத்தை," என்றாள்.

"எதுக்குத் திட்டணும்? நீ வாயைத் திறக்கலைன்னா நானே சொல்லியிருப்பேன்."

மருமகள் நின்றுவிட்டாள். "உங்களுக்குத் தெரியுமா? அப்புறம் ஏன் பார்க்கிறவங்ககிட்டல்லாம் புழு பூச்சி இல்லைன்னு புலம்புனீங்க?"

"நான் முந்திக்கிட்டுப் புலம்பினா, யாரும் உன்கிட்ட வந்து நோண்டிக் கேட்க மாட்டாங்கல்ல."

"எப்ப இருந்து தெரியும்?"

"உன் புருஷன் தன் சாப்பாட்டையே மறந்து வச்சிட்டுப் போறவன். நீ வீட்ல மறந்த நாளெல்லாம், அந்த மாத்திரையை உன் சாப்பாட்டுப் பையில வச்சு அனுப்பினது யாருன்னு நினைச்ச?"