திருப்பி அனுப்பும் செலவு

“ஒரு சொட்டுகூட ஒழுகலியே!”

ஃபரங்கிஸ் சமையலறைத் தரையில் மண்டியிட்டு, தேநீருக்கு வெந்நீர் கொதிக்க வைக்கும் சமோவாரின் அடியில் விரலை விட்டுத் தடவிப் பார்த்தாள். விளிம்பு வரை தண்ணீர் நிரப்பித் தளதளவென்று கொதிக்க வைத்தாயிற்று. கீழே விரித்திருந்த துண்டு காய்ந்தே கிடந்தது.

“இதுவும் நல்லாத்தான் இருக்கா?” கணவன் ஷாப்பூர் கதவில் சாய்ந்து நின்று வெள்ளரிக்காயைக் கடித்தான். “போன தடவை திரும்பி வந்ததும் நல்லாத்தானே இருந்தது? அந்த மனுஷன் கொதிக்கிற தண்ணியைக் கண்டாலே பயப்படறாரோ என்னவோ!”

“சிரிக்காதீங்க. எனக்குக் கவலையா இருக்கு.”

கவலை இல்லாமல் எப்படி? ஈரானின் புருஜெர்த் நகரத்துப் பட்டறைகளில் பித்தளை சமோவார் வாங்கி இணையத்தில் விற்கிறாள் ஃபரங்கிஸ். கல்யாண சீசன் தொடங்கிவிட்டது. சீர்வரிசைக்கென்று கேட்டவர்களின் பெட்டிகள் கூடம் முழுக்க அடுக்கிக் கிடந்தன. சரக்கு நிஜமாகவே ஒழுகினால் எந்த மணப்பெண் வீட்டுக்கு அனுப்புவது? சம்பந்தி முன்னால் ஒழுகினால் கடையை மூட வேண்டியதுதான். விஷயம் தெரியாமல் ஒரு பெட்டியையும் அனுப்ப அவளுக்குத் துணிவில்லை.

இத்தனைக்கும் குறை சொன்னவர் ஒரே ஒருவர். கொராசான் பக்கத்தில் ஏதோ ஒரு சின்ன கிராமத்துப் பெரியவர். பெயர் யதொல்லா. வாங்கினார், ஒழுகுகிறது என்று திருப்பி அனுப்பினார். மாற்றி அனுப்பினாள். அதுவும் திரும்பி வந்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், அவளுடைய கடைக்கு ஐந்து நட்சத்திரம் போட்டதும் அவர்தான். ‘அருமையான சமோவார். ஒழுகுகிறது.’

அதைவிடக் குழப்பம் தபால் செலவு. பழுதான சரக்கைத் திருப்பினால் விற்றவர்தான் செலவைக் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் அதற்காகச் சண்டைக்கே வருவார்கள். இவரோ கைக்காசைப் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தார். சமோவார் என்ன இறகா?

“ஏமாத்து வேலை. ஒருநாள் மொத்தமாப் பெரிய தொகையாக் கேப்பார், பாரு” என்றான் ஷாப்பூர்.

ஃபரங்கிஸ் பெரியவருக்கே போன் போட்டாள்.

“ஐயா, எந்த இடத்துல ஒழுகுது?”

“அடியில மகளே.” கொஞ்சம் யோசனை. “குழாய்லயும். எங்கேயோ ஒழுகுதும்மா, விடு.”

“சரி, தபால் செலவை அனுப்பிடறேன். உங்க பேங்க் அட்டை நம்பரைச் சொல்லுங்க.”

“அதெல்லாம் ஒரு பேச்சா மகளே? வேண்டாம்.”

உபசாரத்துக்குச் சொல்கிறார் என்று மறுபடி கேட்டாள். மறுபடியும் வேண்டாம் என்றார். மூன்றாம் தரமும் கேட்டாள். ‘சரி, உன் மனசு நோகக் கூடாது’ என்று மூன்றாம் தரத்தில் வாங்கிக்கொள்வதுதானே எல்லாரும் செய்வது?

“காசு கீசு அனுப்பினே, அப்புறம் உன் கடைப் பக்கமே வரமாட்டேன், ஆமாம்!” போனை வைத்துவிட்டார்.

ஃபரங்கிஸ் விழித்தாள். “நிஜமாவே வேண்டாங்கறார்.”

“மூணாவது தடவையுமா?” ஷாப்பூர் கடிப்பதை நிறுத்தினான். “அப்போ ஆளுக்கு ஏதோ கோளாறு.”

வழியில் அடிபட்டு அங்கே போகும்போது ஒழுகி, திரும்பி வரும்போது தானாகச் சரியாகிவிடுகிறதா? அவளுக்கே அபத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் கேட்டுவிடலாம். பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டில் அந்த ஊர்த் தபால் ஆபீஸ் நம்பர் இருந்தது.

“தபால் ஆபீஸ். மன்ஸூரே பேசறேன்.” ஒரு பெண் குரல்.

“வணக்கம் அக்கா. புருஜெர்த்திலேர்ந்து, சமோவார் கடை…”

“ஓ, நீதானா அது? உன்னை நாலு வார்த்தை கேக்கணும்னே இருந்தேன்! அந்தப் பெரியவர் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு உன் பெட்டியைச் சுமந்து வர்றாரே, உனக்கு மனசாட்சி இல்லியா?”

“இல்லக்கா, அது வந்து…”

“உன்னை மட்டும் சொல்லி என்ன? எல்லா இணையக் கடைக்காரங்களும் எங்க ஊருக்குன்னே பொறுக்கியெடுத்து மட்டமான சரக்கா அனுப்பறீங்க. ஒருத்தருக்குச் செருப்பு சேரலே. ஒருத்தருக்கு இஸ்திரிப் பெட்டி சுடலே. தினம் யாராவது எதையாவது திருப்பி அனுப்பறாங்க, பாவம்!”

ஃபரங்கிஸ் ஒன்றும் புரியாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தப் பக்கம் குரல் கொஞ்சம் தணிந்தது. “என் வாயால சொல்லக் கூடாது, எனக்கு இதுல லாபந்தான். இங்கே சம்பளம்னு கிடையாது, பார்சலுக்கு இவ்வளவுன்னு கூலி. போன வசந்தத்துல பார்சலே இல்லாம ஆபீஸை மூடறதா இருந்தாங்க. அதே சமயம் என் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்ததும் ஊரே காசைக் கொண்டுவந்து நீட்டிச்சு. மூணு தடவை என்ன, முப்பது தடவை கேட்டாங்க. ஒரு தோமான் தொடலியே நான்! என் உழைப்புல நிக்கறேன். ஆனா இப்படி அவங்க காசு தபாலுக்கே போகுதேன்னு நினைச்சாத்தான் வயிறு எரியுது.”

ஃபரங்கிஸ் காய்ந்து கிடந்த துண்டை எடுத்து மெல்ல மடித்தாள்.

‘என்னவாம்?’ என்று ஷாப்பூர் சைகையில் கேட்டான். அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

“கேக்கறியா, இல்லியா?” என்றாள் மன்ஸூரே.

“கேக்கறேங்க்கா. மன்னிச்சுக்கோங்க, எங்க சரக்கு கொஞ்சம் மட்டம்தான். நாளைக்கே வேற ஒண்ணு அனுப்பறேன். அதுவும் ஒழுகும்னுதான் தோணுது. திருப்பி அனுப்பற செலவு இனிமே எங்களோடதுன்னு அந்த ஐயாகிட்டே சொல்லிடுங்க.”