நோர்வேயிலிருந்து வந்த கேள்வி

“இந்தச் சிந்துஜன் உங்களுக்கு ஆர்?” துஷாந்தி கேட்டாள்.

“தெரிஞ்ச ஆள், மிஸ்.”

“சொந்தமோ?”

“இல்ல.”

“பிறகு ஏன் மாதாமாதம் நோர்வேயிலயிருந்து உங்களுக்குக் காசு அனுப்புறார்?”

ஸஜ்ஜாத் கதிரையில் நெளிந்தான். திருகோணமலைத் துறைமுகத்தடியில் ஐஸ் வியாபாரம் செய்பவன்.

துஷாந்தி அந்த வங்கிக் கிளையில் சந்தேகமான கணக்குகளைக் கவனிக்கும் அதிகாரி. நோர்வேயின் நிதிக் கண்காணிப்பாளர்கள் கொழும்பைக் கேட்டிருந்தார்கள். கொழும்பு அவளைக் கேட்டிருந்தது. அங்கே சிந்துஜன் ‘வியாபாரம்’ என்று மட்டும் சொல்லியிருந்தான். என்ன வியாபாரம் என்று இரண்டு நாட்டிலும் ஒருவருக்கும் விளங்கவில்லை.

“காசு வந்த அண்டைக்கே முழுசா எடுக்கிறீங்கள். இண்டைக்கும் எடுத்திட்டீங்கள். ஆருக்குக் குடுக்கிறீங்கள்?”

“அத இங்க வச்சுச் சொல்ல ஏலாது, மிஸ்.”

அவளுக்குச் சந்தேகம் இறுகியது. வள்ளத்தில் ஆள் ஏற்றுகிற வேலையோ? போதைப்பொருளோ?

“அப்ப கணக்கை மறிக்க வேண்டிவரும். பொலிசும் விசாரிக்கும்.”

அவன் கவுண்டர் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தான். குரல் தணிந்தது.

“என்னோட சல்லிக் கிராமத்துக்கு வாங்க. அங்க வந்து மட்டும் ஒண்டும் கேக்காதீங்க.”

வங்கி வாகனத்தில் போனார்கள். ஒரு வீட்டுப் படலையடியில் இறங்கியதும்தான் அவன் வாய் திறந்தான்.

“இது சிந்துஜன்ட அப்பா வீடு. அவன் என்னோட படிச்சவன். தாய்ட செத்தவீட்டுக்கு வரல்ல, விசாப் பிரச்சினை. அந்தக் கோவத்தில, மகன்ட காசத் தொடமாட்டன் எண்டுட்டார் இவர். மருந்துக்கும் வழியில்ல. அதான், அவர்ட வள்ளத்த நான் வாடகைக்கு எடுத்து ஓட்டுறன் எண்டு பொய் சொல்லி, மகன்ட காசக் குடுக்கிறன்.”

“வள்ளம்?”

“அது போன புயலோட உடைஞ்சு போச்சு, இவருக்குத் தெரியாது. உங்கட கவுண்டரில இருக்கிறவர் சல்லி ஆள், மிஸ். அங்க சொன்னா கதை இவர்ட காதுக்கு வந்துடும்.”

துஷாந்திக்கு அவன் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

“சிந்துஜனை நோர்வேயில உண்மையைச் சொல்லச் சொல்லுங்கோ. நானும் கொழும்புக்கு எழுதுறன். இது இதோட முடியும்.”

உள்ளே, பாரிசவாதத்தில் கால் விழுந்த கனகசுந்தரம் கட்டிலில் சாய்ந்திருந்தார்.

“ஐயா, இந்த மாத வாடகை.”

“வள்ளம் எப்பிடித் தம்பி ஓடுது?”

“நல்லா ஓடுது, ஐயா.”

கிழவர் காசை எண்ணாமல் தலையணைக்கு அடியில் வைத்தார். துஷாந்தியின் வங்கிச் சீலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“தம்பி, இந்தப் பிள்ளைக்கு ஒரு இளநீர் வெட்டிக் கொண்டாரும்.”

ஸஜ்ஜாத் வெளியே போனதும் மெல்லக் கேட்டார்.

“பிள்ளை, மகன் அனுப்புற காசில ஏதும் பிரச்சினையோ?”

துஷாந்தி திடுக்கிட்டாள். “ஐயா, உங்களுக்கு...”

“உடைஞ்ச வள்ளத்துக்கு ஆர் வாடகை தருவினம்? வேண்டாம் எண்டு சொன்ன வாயால வேணும் எண்டு சொல்ல ஏலாமக் கிடக்கு.”

வெளியே கத்திச் சத்தம் நின்றது. அவர் அவசரமாகச் சொன்னார்:

“எனக்குத் தெரியும் எண்டு மட்டும் அவங்கள் ரெண்டு பேரிட்டயும் சொல்லிப்போடாதேங்கோ, பிள்ளை. பாவங்கள், கவலைப்படுவாங்கள்.”