இருக்கிறியோ?

"சிவப்புக்கு மாறிட்டுது, தங்கச்சி. இனி நான் நிக்கமாட்டன்."

ரெலிபோன் பெட்டியின் விளக்கைக் காட்டிவிட்டு, யோகநாதன் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். வாசலில் சைக்கிள் தயாராக நின்றது. காரியரில் ஓர் உரப்பை, அதற்குள் உடுக்க இரண்டு சாரம், ஒரு போத்தல் தண்ணீர். எட்டு நாளுக்கு முதல் ஒரு தரம் இப்படிச் சிவந்தபோது கட்டியது. இன்னும் அவிழ்க்கவில்லை.

"பொறுங்கோ யோகண்ணை," என்றாள் நேசமலர். அப்போதுதான் அவள் உள்ளே வந்திருந்தாள். "அண்டைக்குப்போல பின்னால வயர் இளகியிருக்கும். ஒருக்காப் பாப்பம்."

குனிந்து பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு எதையோ அழுத்தினாள். சிவப்பு இரண்டு தரம் மினுங்கிப் பச்சையானது.

யோகநாதன் கதிரையில் பொத்தென்று இருந்தார்.

"உங்கட கைராசி, பிள்ளை."

"நீங்கள் மட்டும் பின்பக்கத்தில கை வையாதேங்கோ. எங்கட இவர் சொல்லுறவர், யோகண்ணைக்கு ரோச் லைற்றே நேராப் பிடிக்கத் தெரியாதெண்டு."

"சொல்லுவான். வரட்டும், குடுக்கிறன் அவனுக்கு."

சமாதான காலத்தில் ஒரு தொண்டு நிறுவனம் கொண்டுவந்த பெட்டி அது. விசுவமடுவில் ஒன்று, முள்ளியவளையில் ஒன்று. ரெலிபோனில் கதைப்பதைச் சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, இணையத்தில் போகிற பொட்டலங்களாகக் கட்டி, கோபுரத்து அன்ரனா வழியாக அனுப்பும். மற்றப் பெட்டி அவற்றை அவிழ்த்து, பொருத்தி, குரலாக்கிக் கொடுக்கும். அந்தப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தால் பச்சை. நின்றுவிட்டால் சிவப்பு. இரண்டு பெட்டிகளையும் பார்த்துவந்தவன் நேசமலரின் புருசன் கனகலிங்கம். யோகநாதன் வெறும் காவலாளி. விளக்கின் நிறம் மட்டுந்தான் அவருக்குத் தெரியும்.

2008 மார்கழியில் முள்ளியவளைச் சனம் இடம்பெயர்ந்து விசுவமடுவுக்கு வந்தபோது, தூக்கிவர முடியாத நோயாளர் சிலர் அங்கே மிஞ்சினார்கள். அவர்களை ஏற்றும்வரை ரெலிபோன் வேண்டுமென்று கனகலிங்கம் அங்கேயே நின்றுவிட்டான். துணைக்கு நின்றவன் யோகநாதனின் தம்பி தவராசா. இப்போது அந்தப் பாதையால் போகிறவர்கள் திரும்பி வருவதில்லை.

"நேற்றுப் பின்னேரம் தம்பியோட கதைச்சனான்," என்றார் யோகநாதன்.

நேசமலர் சேலைத் தலைப்பால் பெட்டியின் தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "என்ன சொன்னவர்?"

"'இருக்கிறியோ' எண்டு கேட்டன். 'இருக்கிறியோ' எண்டு அவனும் கேக்கிறான். 'சாப்பிட்டியோ' எண்டன். அதையே அவனும் கேக்கிறான். நான் சொல்லுறது அவனுக்கு விளங்கேல்லைப்போல. ஆனா குரல் அவன்ர குரல்தான்."

"உங்கட ரெண்டு பேருக்கும் ஒரே குரல்தானே, அண்ணை."

"ஓமோம். அம்மாவே குசினிக்குள்ள இருந்து ஆளை மாத்திக் கூப்பிடுவா." அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "நெடுகக் கேட்டுக்கொண்டிருந்தா ஒரு நாளைக்குப் பதில் சொல்லுவான்தானே?"

நேசமலர் துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள். "சொல்லுவார்."

எங்கோ தூரத்தில் ஷெல் விழுந்தது. கூரைத் தகரம் அதிர்ந்தது. இருவரும் விளக்கைத்தான் பார்த்தார்கள்.

"நீங்கள் யோசியாதேங்கோ, பிள்ளை," என்றார் அவர். "பச்சை எரியுமட்டும் அவைக்கு ஒண்டுமில்லை. அணைஞ்சா நான் போவன். ஆர் என்ன சொன்னாலும் என்ர கண்ணால காணாமல் நம்பமாட்டன். எப்பிடிக் கிடந்தாலும் தூக்கிக்கொண்டு வருவன்."

"விமலேஸ்வரியக்காவும் மூண்டு பிள்ளையளும்?"

"மனிசியும் பிள்ளையளும் பங்கருக்குள்ள இருக்கினம். தம்பி வெளியில நிக்கேக்க நான் எப்பிடி உள்ள இருக்கிறது?" அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "அதென்ன, இண்டைக்குக் குங்குமம் கோணலாக் கிடக்கு?"

"கண்ணாடி உடைஞ்சுபோச்சு."

"நாளைக்கு எங்கட கண்ணாடியைக் கொண்டுவாறன். அவன் வந்தா, என்ர மனிசியை இப்பிடியோ வைச்சிருந்தனீர் எண்டு என்னைத்தான் பேசுவான்."

நேசமலர் சிரித்தாள். "அப்ப நான் வாறன், அண்ணை."

ஒழுங்கை திரும்புகிற இடத்தில் ஒரு பாலை மரம். அதன் மறைவில் நல்லதம்பிக் கிழவர் குந்தியிருந்தார். முள்ளியவளையிலிருந்து கடைசியாக வந்து சேர்ந்தவர் அவர்.

"இண்டைக்கு எட்டு, பிள்ளை," என்றார். "எட்டுச் செலவுச் சடங்குக்கு ஒரு விளக்காவது கொளுத்தவேணும். இண்டைக்காவது யோகநாதனுக்குச் சொன்னியோ? ரெண்டு பேரையும் என்ர கையாலதானே ஒரு குழிக்குள்ள வைச்சு மூடினனான்."

"சொன்னா, தோண்டிப் பாக்கவெண்டு சைக்கிளை எடுப்பார், அப்பு. பிறகு விமலேஸ்வரியக்காவும் என்னைப்போல நிக்கவேணும்."

மழை தேங்கிய குழியில் சேலைத் தலைப்பை நனைத்து, அவள் குங்குமத்தை அழுத்தித் துடைத்தாள். தலைப்பில் ஏழு நாள் சிவப்பு ஏற்கெனவே ஊறிக் கிடந்தது. கனகலிங்கம் சோதனைக்கென்று வைத்திருந்த ஒரு முழக் குட்டை வயரை, எட்டு நாளுக்கு முதல், கிழவர் செய்தி கொண்டுவந்த அன்றே, அவள்தான் அன்ரனா வயரைக் கழற்றிவிட்டு இரண்டு முனையும் அந்தப் பெட்டியிலேயே இருக்கச் செருகியிருந்தாள். அது இளகாமல் இருக்கும்வரை பெட்டி தான் அனுப்புவதையே தானே வாங்கிப் பச்சையாக எரியும், யோகநாதன் கேட்பதையெல்லாம் யோகநாதனிடமே திரும்பக் கேட்கும்.