பவுடர் போட்ட இன்ஜின்

"வண்டி அவர்கிட்ட குடுத்தாச்சா? அச்சா! இனிமே சாயங்காலம்தான். தமிழ்நாட்டு நம்பர் பார்த்தா விட மாட்டார். பேசும், பேசும், பேசிக்கிட்டே இருக்கும்!"

டீக்கடைக்காரர் சிரித்தார். எல்லோருக்கும் அவர் 'பையா'; இந்திக்காரர். தமிழ் பேச ஆள் கிடைக்காத மெக்கானிக் ஜோதிலிங்கம், பத்து வருஷமாக அவரிடமே பேசிப் பேசி இந்த அளவுக்குத் தேற்றி வைத்திருந்தார்.

லாரி ஓட்டி வந்த மதியழகனுக்குப் பகீரென்றது. நாமக்கல்லிலிருந்து டெல்லிக்கு லோடு கொண்டுவந்து இறக்கியாயிற்று. திரும்பும் லோடும் ஏற்றியாயிற்று. கூட வந்த டிரைவர் காய்ச்சலென்று நாக்பூரிலேயே இறங்கிக்கொண்டதால் அங்கிருந்து ஒற்றை ஆள். இப்போது பார்த்து இந்தக் கிழட்டு லாரி டீசலைக் கசியவிடுகிறது.

டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஒர்க்‌ஷாப்புக்கு ஓடினான்.

"லீக்கு எங்கீங்கண்ணா? ஞாயித்துக்கிழமை என் சம்சாரத்துக்கு வளைகாப்புங்க. உடனே கிளம்போணும்."

ஜோதிலிங்கம் ராணுவத்தில் வண்டிகளோடு மல்லாடி ஓய்வு பெற்றவர்; ஒர்க்‌ஷாப் போர்டிலேயே அப்படி எழுதியிருந்தது. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். டெல்லியிலேயே பிறந்த மகள் போனில் இந்தியில்தான் பேசுவாள்.

"சொட்டுற இடம் வேற, கசியுற இடம் வேற தம்பி. பைப் வழியா ஓடிவந்து இங்க சொட்டுது." இன்ஜினைத் துடைத்து, முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவினார். "எங்க முதல்ல ஈரமாகுதோ, அங்கதான் லீக்கு."

"எவ்வளவு நேரமாகுமுங்க?"

அவர் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தார்.

"ஒரு மணி நேரம். கேபின்ல போய்ப் படு. கூப்பிடுறேன்."

படுத்ததுதான் தெரியும்.

கண் விழித்தபோது சாயங்காலம் மணி நாலரை. அலறிக்கொண்டு குதித்தான்.

"ஏனுங்க, ஒரு லீக்கைக் கண்டுபுடிக்க ஒரு பகலுங்களா? பட்டாளத்துல இதைத்தான் கத்துக்கிட்டீங்களா? எங்கூர்ல பத்து நிமிச வேலைங்க!" கோபத்திலும் அந்த 'ங்க' மட்டும் போகவில்லை.

"பழைய வண்டி தம்பி. கொஞ்சம் நேரமாயிடுச்சு. இப்ப சரியாயிடுச்சு, எடுத்துட்டுப் போ."

"வளைகாப்புன்னு சொன்னனுங்களே! உங்களுக்குப் பேச ஆள் இல்லைன்னா, அதுக்கு என் பொழப்பா கெடச்சுது?"

ஜோதிலிங்கத்தின் முகம் சுருங்கிப்போனது. துணியால் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மதியழகன் கேனில் தண்ணீர் பிடிக்க டீக்கடைக்கு வந்தான்.

"நீங்க சொன்னது சரியாப் போச்சு பையா. பேச்சு ஆசையில என் ஒரு நாளைத் தின்னுட்டாருங்க."

"பேசினாரா? எப்போ?"

மதியழகன் யோசித்துப் பார்த்தான். காலையிலிருந்து அவர் பேசியதெல்லாம் சேர்த்தாலும் நாலு வரி தேறாது.

"லீக் காலையில ஒம்போது மணிக்கே கிடைச்சாச்சு. ஒரு வாஷர் போச்சு, மாத்தியாச்சு." பையா டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். "நான் கேட்டேன், உங்க ஊர் ஆளு வந்திருக்கு, எழுப்பி ஜாலியா பேசுங்கன்னு. அவர் சொன்னார், 'கண்ணு ரத்தமா இருக்கு. இப்படியே ஓட்டினா வீடு போய்ச் சேராது. தூங்கட்டும்.'"

மதியழகனின் கேன் நிரம்பி வழிந்தது. அவன் கவனிக்கவில்லை.

"அப்புறம் பூரா நாள் அதோ, அந்தத் தெரு முனையில வெயில்ல நின்னார். ஒரு வண்டிகூட ஹார்ன் அடிக்க விடல."