உட்காரச் சொன்னார்கள்

"முதல்ல உட்காருங்கம்மா. வேலை விஷயம் எங்கேயும் ஓடிப்போயிடாது."

மேலாளர் அம்மாள் தானே நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் நுனியில் உட்கார்ந்தாள். காலையில் பஸ் ஏற்றிவிடும்போது அப்பா சொன்னதும் இதைத்தான். "உட்காரச் சொன்னாங்கன்னா பாதி வேலை கிடைச்ச மாதிரிம்மா." மூட்டை தூக்கியே முதுகு வளைந்த மனுஷன். எந்த ஆபீஸிலும் அவரை யாரும் உட்காரச் சொன்னதில்லை.

நேர்காணலுக்கு வந்திருந்தது அவள் ஒருத்திதான். அதையும் அதிர்ஷ்டக் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

மேலாளரைத் தவிர மூலையில் இன்னொருவர், பேனாவும் கையுமாக. வணக்கத்துக்குத் தலையசைத்ததோடு சரி. மௌனசாமி என்று மனசுக்குள் பெயர் வைத்தாள்.

சான்றிதழ் ஃபைலை நீட்டினாள். மேலாளர் அதைத் திறக்காமலே ஓரமாக வைத்தார்.

"பட்டம் எல்லாரும்தான் வெச்சிருக்காங்க. 'ஏழு கதவு வீடு' கேம்ல புதிரெல்லாம் நீங்க போட்டதாமே? அதைக் காட்டுங்க."

"ஏழும் நான்தான் மேடம்!"

கம்ப்யூட்டர் திரையில் படமும் வசனமுமாக நகரும் கதை அது. ஒவ்வொரு கதவிலும் ஒரு புதிர். அவிழ்த்தால்தான் அடுத்த அத்தியாயம். ராத்திரி பகல் பாராமல் எழுதியிருந்தாள்.

"ஆனா இப்ப எங்கேயும் கிடைக்காது மேடம். பழைய கம்பெனி விக்கிறதை நிறுத்திட்டாங்க. காசு குடுத்து வாங்கினவங்களுக்கே திறக்கறதில்ல. நான் வெளியே வந்த அன்னிக்கு லேப்டாப்பையும் பிடுங்கிக்கிட்டாங்க."

"நெட்டுல எவனாவது ஏத்தியிருப்பானே?"

அவள் தன் கைப்பையைப் பார்த்தாள். மேலாளர் சிரித்துவிட்டார்.

"சும்மா எடுங்க. நாங்க என்ன போலீஸா?"

பென்டிரைவ் வெளியே வந்தது. "திருட்டுப் பிரதிதான் மேடம். மறைக்கலை."

"தப்பில்லையா அது?"

"திருட்டுன்னா கடையில இருக்கறதை எடுக்கணும். இது அவங்களே குப்பையில போட்டது. முகம் தெரியாத எவனோ எடுத்துத் துடைச்சு வெச்சிருந்தான். அவன் இல்லேன்னா நான் வேலை பார்த்தேன்கறதுக்கே சாட்சி கிடையாது. கடைசியில ஓடுற பேர்கள்ல என் பேரும் இருக்கு மேடம். எங்க குடும்பத்துல ஒரு பேர் ஊர் பார்க்க வந்தது அதுல மட்டும்தான்."

"குப்பையா இருந்தாலும் சொந்தக்காரனோட குப்பைதானே?" மௌனசாமி முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"அப்போ குப்பை அள்ளறவங்களையெல்லாம் பிடிச்சு உள்ள போடுங்க சார்."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். இந்த வாயால்தான் பழைய வேலையும் போனது. ஆனால் மேலாளர் ரசித்துத் தலையாட்டினார்.

"இது வேற யார்கிட்டயாவது இருக்கா?" என்றார் மௌனசாமி.

"ஏத்தினவனோட பக்கத்தைப் போன மாசம் யாரோ மூட வெச்சுட்டாங்க சார். எனக்குத் தெரிஞ்சு இது ஒண்ணுதான்."

அவர் எழுதிக்கொண்டார்.

மேலாளரே விளையாட உட்கார்ந்தார். மாட்டிக்கொண்ட இடங்களில் எல்லாம் அவள் எடுத்துக்கொடுத்தாள். ஆறு கதவுகள் திறந்தன. ஏழாவது அசையவில்லை.

"என்னம்மா இது, எதைப் போட்டாலும் முரண்டு பிடிக்குது?"

"தோத்தவங்களுக்குத்தான் அது திறக்கும் மேடம். நடுவுல ஒரு அம்மா வந்து கதாநாயகிகிட்ட சாவி கேட்டாங்களே, நீங்க குடுக்கலை. குடுத்திருந்தா அவளை இருட்டறையில தள்ளிப் பூட்டியிருப்பாங்க. அந்தச் சுவத்துலதான் எண் இருக்கு. தோத்து, எண்ணைப் பார்த்து, மறுபடி முதல்லேருந்து வரணும்."

"முன்னே பின்னே தெரியாதவகிட்ட எவளாவது சாவியைத் தூக்கிக் குடுப்பாளா?"

"யாருமே மதிக்காத பொண்ணு மேடம் அவ. மரியாதையா ரெண்டு வார்த்தை பேசினா குடுத்துடுவா."

எண்ணையும் அவளே சொன்னாள். கதவு திறந்தது. பெயர்கள் மேலே ஓடின. அவள் பெயர் வந்து, போயிற்று.

"பிரமாதம்மா!" மேலாளர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "வெளியில இருங்க. சார் வந்து சொல்லுவார்."

நடைவழியில் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. முதல் சம்பளம் வந்ததும் அப்பாவை மூட்டை பக்கமே போகவிடக் கூடாது.

மௌனசாமி வந்தார். கையில் அவளுடைய ஃபைல் மட்டும் இருந்தது.

"எப்ப வந்து சேரணும் சார்?"

"நான் ஆள் எடுக்கறவன் இல்லம்மா. கம்பெனி வக்கீல்." குரலில் கோபம்கூட இல்லை. "அந்த கேமை உங்க பழைய கம்பெனிகிட்டேருந்து நாங்க போன மாசமே விலைக்கு வாங்கிட்டோம். அவங்க குடுத்த டிஸ்க் திறக்கலை. அது தெரியறதுக்கு முன்னாலேயே நெட்டுல இருந்ததையும் அவசரப்பட்டு நானே மூட வெச்சுட்டேன். பென்டிரைவைக் கேட்டு வந்துடாதீங்க, திருட்டுக் கேஸ் ஆயிடும். இங்கே வேலை எதுவும் காலி இல்ல."

கதவிடுக்கு வழியே மேலாளரின் குரல் கேட்டது. "கடைசியில ஓடுற பேரையெல்லாம் முதல்ல தூக்கிடுங்கப்பா."

போன் அடித்தது. அப்பா.

"என்னம்மா, உட்காரச் சொன்னாங்களா?"

"சொன்னாங்கப்பா."