வெள்ளைக் கேபிள்

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு மொட்டை மாடி. உள்ளே கண்ணாடி இழை ஓடும் ஃபைபர் கேபிள் அறுந்து கிடந்ததை எங்கள் இன்டர்நெட் கம்பெனி மேனேஜர் தினேஷ் தூக்கிக் காட்டினார். வீட்டுக்காரர் மயில்வாகனம், நெசவாளர், அதைப் பட்டு இழை மாதிரி முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்.

“கண்ணாடிய முடிச்சு போட்டா நெட்டு வருமாய்யா?”

“இழை அறுந்தா முடிச்சு போடுவோம் சார். கைப்பழக்கம்.”

தினேஷ் சிரித்தார். வேலையில் சேர்ந்த முதல் வாரம், நானும் சிரித்துத் தொலைத்தேன்.

“நீ சொல்லும்மா, ஏன் அறுந்துது?”

“இது வீட்டுக்குள்ள போடற வெள்ளைக் கேபிள் சார். வெயில்ல வெடிச்சிடும். வெளியில கறுப்பு உறை போட்டதைத்தான் இழுக்கணும்.”

“எந்த முட்டாள் இத வாங்குனது?”

“நான்தான் சார். படிக்காதவன்,” என்றார் மயில்வாகனம், என்னைப் பார்க்காமல்.

போன வருஷம் காலேஜ் திமிரோடு அதை வாங்கி வந்த முட்டாள் நான்.

தினேஷ் கிளம்பினார்.

“போயிட்டு வாங்க சார். நீங்களும் போயிட்டு வாங்க மேடம்,” என்றார் அப்பா.